வகுப்பிலிருந்தே போஸ்ட் வரட்டும்: உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கான சமூக ஊடக வழிகாட்டி

உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவருக்கு நாள் இரண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. விடியற்காலையில் சில வகுப்புகள், மாலையில் சில வகுப்புகள். நடுவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில்தான் சாப்பாடு, தூக்கம், சொந்தப் பயிற்சி, வீட்டு வேலை எல்லாம். சமூக ஊடகம் கைவைப்பது சரியாக அந்த இடைவெளியில். ஒரு ரீல் எடுக்க உட்கார்ந்தால் மதியம் போய்விடுகிறது. போட்டுவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதில் மாலை வகுப்புக்கு முந்தைய ஓய்வும் போய்விடுகிறது. நமக்குத் தொழிற்கருவியே உடம்புதான். அது ஓயாமல் தேய்ந்தால், சமூக ஊடகப் பக்கத்தில் எத்தனை ஃபாலோயர் இருந்தும் வகுப்பு எடுக்க முடியாது.

அதற்காகப் பக்கமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். யாராவது உங்கள் பெயரைச் சொன்னால், கேட்டவர் முதலில் செய்வது ஃபோனில் தேடிப் பார்ப்பதுதான். அங்கே எதுவும் இல்லையென்றால் தயங்குவார். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: போஸ்டுக்கென்று தனியாக ஒரு வேலையை உருவாக்காதீர்கள். வகுப்பில் நீங்கள் ஏற்கெனவே சொல்வதையும் திருத்துவதையும் எடுத்து வெளியே வையுங்கள். அப்படிச் செய்தால் பக்கத்தில் இருக்கும் ஆளும் வகுப்பில் இருக்கும் ஆளும் ஒரே ஆளாக இருப்பார்கள், வேலையும் பாதியாகும்.

படி 1: உங்களுக்கு எத்தனை பேர் தேவை என்று கணக்குப் போடுங்கள்

ஒரு தாளை எடுத்து வாரத்துக்கு எத்தனை வகுப்பு, ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று எழுதுங்கள். உதாரணமாக 6 குழுக்கள், குழுவுக்கு 12 பேர் என்றால் மொத்தம் 72 இடம். அதில் 60 இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் நீங்கள் தேடுவது 12 பேரை. லட்சம் பேர் பார்க்க வேண்டிய அவசியம் எங்கே இருக்கிறது? உங்கள் வகுப்புக்கு வரக்கூடிய சில நூறு பேர் உங்களை நம்பினால் போதும். இந்தக் கணக்கைப் போடாமல் பக்கம் தொடங்குபவர்கள்தான் எண்ணிக்கையின் பின்னால் ஓடிக் களைத்துப்போகிறார்கள். ஆன்லைனில் பயிற்சித் திட்டம் விற்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களும் முதலில் எண்ணை எழுதிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அப்புறம் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: யாருக்கு, எதற்காகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? ‘50 வயதுக்கு மேல் முதல் முறையாக எடை தூக்க வருபவர்களுக்கு’, ‘பிரசவத்துக்குப் பின் மெதுவாகப் பயிற்சிக்குத் திரும்பும் பெண்களுக்கு’, ‘நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு’. ‘எல்லோருக்கும் ஃபிட்னஸ்’ என்று எழுதினால் அதைப் படிக்கும் யாருக்கும் ‘இது எனக்கு’ என்று தோன்றாது. இந்த வாக்கியத்தையே பயோவில், அதாவது பக்கத்தின் மேலே வரும் அறிமுகத்தில், போடுங்கள். கூடவே வகுப்பு நேரம், எப்படிச் சேருவது என்பது மட்டும் இருந்தால் போதும்.

படி 2: ஒரு தளம், கூடவே சொந்தமாக ஒரு பட்டியல்

எல்லாத் தளத்திலும் இருக்க முயற்சி செய்வதுதான் பலரும் ஓய்ந்துபோகும் இடம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தளத்துக்குத் தளம் குணம் வேறு. இன்ஸ்டாகிராமில் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ரீல் பக்கத்திலேயே இருந்தாலும் பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான் அதைப் பார்க்கிறார்கள். ஆனால் உங்களை யார் என்று காட்ட நல்ல இடம். யூடியூபில் ஆட்கள் தேடி வருகிறார்கள். ‘குதிகால் வலிக்கு நீட்டிப்புப் பயிற்சி’ என்று போன வருடம் போட்ட வீடியோவை இந்த வருடமும் யாரோ ஒருவர் தேடிக் கண்டுபிடிப்பார். நிதானமாக விளக்கிச் சொல்லும் ஆசிரியர்களுக்கு யூடியூப்தான் பொருத்தம் என்பது என் கருத்து. வாட்ஸ்அப் புதியவர்களைக் கொண்டுவராது, இருக்கும் மாணவர்களைத் தொடர்பில் வைத்திருக்கும். அதில் பிராட்காஸ்ட் பட்டியல் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) வைத்தால் ஒன்றை மறக்காதீர்கள்: உங்கள் எண்ணைத் தங்கள் ஃபோனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும்.

தளம் எதுவானாலும் அது நம்முடையதல்ல. 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. சில நொடிக் காணொளிகளுக்குப் பேர்போன வைன் தளம் 2017இல் மூடப்பட்டது, அதை நம்பி ஆள் சேர்த்தவர்கள் வேறு இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஆகவே மாணவர்களின் பெயர், ஃபோன் எண், மின்னஞ்சல் ஆகியவற்றை அவர்கள் சம்மதத்துடன் தனியாக ஒரு பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிடுங்கள். எடுத்த வீடியோக்களின் மூலப் பிரதிகளை ஒரு ஹார்ட் டிஸ்க்கிலோ கிளவுடிலோ சேமியுங்கள்.

படி 3: வகுப்பு முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும், பாய் சுருட்டுவதற்கு முன், நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி: இன்று யாராவது என்ன கேட்டார்கள்? எந்த அசைவில் பலர் தடுமாறினார்கள்? நான் சொன்ன எந்த வார்த்தையைக் கேட்டதும் ‘ஓ, இப்படியா!’ என்று உடம்பு சரியான நிலைக்கு வந்தது? ஒரு மாதத்தில் உங்களுக்குத் தலைப்புப் பஞ்சமே இருக்காது. அடுத்தவர் பக்கத்தைப் பார்த்துக் காப்பியடிக்கவும் தோன்றாது.

ஒன்றை எடுத்துச் செய்து பார்ப்போம். ஸ்குவாட் (முட்டியை மடக்கி உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்யும்போது ஒருவர் கேட்கிறார்: “முட்டி கால்விரலைத் தாண்டிப் போகக்கூடாதுன்னு சொல்றாங்களே, எனக்குப் போகுதே?” எல்லா வகுப்பிலும் வரும் கேள்வி. பதில் உங்களுக்குத் தெரியும். முட்டி கொஞ்சம் முன்னால் போவது ஆரோக்கியமான முட்டிக்கு இயல்பான அசைவு. அதைக் கட்டாயமாகத் தடுத்தால் முட்டியின் சுமை குறையும்தான், ஆனால் உடம்பு முன்னால் சாய்ந்து அந்தச் சுமை இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போகும். தொடை நீளமானவர்களுக்கு இன்னும் அதிகம் சாயும். முட்டி வலி இருப்பவர்களுக்கு ஆழத்தைக் குறைத்து, பின்னால் ஒரு நாற்காலி போட்டுச் செய்யச் சொல்வீர்கள்.

இந்த ஒரே பதில் நான்கு இடத்துக்குப் போகும். பக்கவாட்டில் நின்று முட்டியைத் தடுத்து ஒரு ஸ்குவாட், இயல்பாக விட்டு ஒரு ஸ்குவாட் என்று செய்துகாட்டினால் ஒரு ரீல். நாற்காலி வைத்துச் செய்யும் முறையை நாலைந்து படங்களாக அடுக்கினால் சேமித்து வைத்துக்கொள்ளும் போஸ்ட். ‘உங்களுக்கு முட்டியில் எந்த இடத்தில் இறுக்கம் தெரிகிறது?’ என்று ஸ்டோரியில் ஒரு கேள்வி. மாணவர்கள் குழுவில், ‘நாளைக்கு ஸ்குவாட் உண்டு, முட்டி தொந்தரவு இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள்’ என்று ஒரு குரல் செய்தி. புதிதாக யோசித்தது எதுவும் இல்லை, இரண்டு வாரத்துக்கான பொருள் கையில் இருக்கிறது.

படி 4: படம் எடுப்பதைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள்

வகுப்பு நடக்கும்போது எடுக்காதீர்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பணம் கட்டி வந்தவர் முதுகை வளைத்து எடை தூக்கும் நொடியில் உங்கள் கண் கேமராவில் இருந்தால், அங்கே ஆசிரியர் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலி நேரத்தில், ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். நோட்டிலிருந்து நான்கு வரிகளைத் தேர்ந்து நான்கையும் ஒரே அமர்வில் எடுத்துவிடுங்கள்.

ட்ரைபாடில் ஃபோனை இடுப்பு உயரத்தில் வையுங்கள். மேலிருந்து எடுத்தால் ஸ்குவாட்டின் ஆழமே தெரியாது. ஸ்குவாட், டெட்லிஃப்ட், ப்ளாங்க் போன்றவற்றுக்குப் பக்கவாட்டுக் கோணம். முட்டி உள்ளே மடங்குவதைக் காட்ட வேண்டுமென்றால் நேர் முன்னால். ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் நீங்கள் நிழலாகத்தான் தெரிவீர்கள். ஃபோனை நிமிர்த்தி 9:16 அளவில் எடுங்கள், தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் விடுங்கள். ஓரங்களில் ஆப்பின் பொத்தான்கள் வந்து மறைக்கும்.

மூச்சு வாங்கிக்கொண்டே பேச வேண்டாம். அசைவை முதலில் எடுத்துவிட்டு, அமைதியான அறையில் உட்கார்ந்து குரலைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். முதல் மூன்று நொடியில் மாணவர் கேட்ட கேள்வியை அப்படியே கேளுங்கள். ‘வணக்கம் நண்பர்களே’ முடிவதற்குள் பாதிப் பேர் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்காகவும் காது கேளாதவர்களுக்காகவும் எழுத்தைத் திரையில் போடுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடும் ஆசை வரும். தொழில் கணக்குகளுக்குப் பல பாடல்களின் உரிமை கிடையாது, ஒலியை முடக்கிவிடுவார்கள் அல்லது வீடியோவையே எடுத்துவிடுவார்கள். உங்கள் குரலே போதும், மாணவர்கள் அடையாளம் கண்டுகொள்வதும் அதைத்தான்.

முகத்தையும் இடுப்பையும் மாற்றிக்காட்டும் ஃபில்டர்கள் வேண்டவே வேண்டாம்.

படி 5: எழுதும் வார்த்தைகளைச் சோதியுங்கள்

உடம்பைப் பற்றி நாம் எழுதுவது படிப்பவரின் மனதில் நேராகப் போய் விழுகிறது. ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இளம்பெண்களில் ஒரு பகுதியினருக்கு இன்ஸ்டாகிராமின் ‘ஃபிட்ஸ்பிரேஷன்’ படங்களையும் மற்றவர்களுக்குப் பயணப் படங்களையும் காட்டினார்கள். கட்டான உடம்பைப் பார்த்தவர்களிடம் சோர்வான மனநிலையும் தங்கள் உடம்பு மீதான அதிருப்தியும் கூடியிருந்தன. உற்சாகப்படுத்துவதற்காகப் போடும் படம் பார்ப்பவரைத் தளரவைக்கிறது என்றால், நாம் எதைக் காட்டுகிறோம் என்று யோசிக்கத்தான் வேண்டும்.

‘முன்பு – பின்பு’ படங்களை நான் முழுக்கத் தவிர்க்கச் சொல்வேன். வெளிச்சம், நிற்கும் விதம், மூச்சை இழுத்துப் பிடிப்பது இவை மட்டுமே பாதி வித்தியாசத்தைக் காட்டிவிடும். அதற்குப் பதிலாக ஆட்களால் இப்போது என்ன செய்ய முடிகிறது என்று எழுதுங்கள்: மாடி ஏறும்போது நிற்காமல் போகிறார், தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறார், பேத்தியைத் தூக்குகிறார்.

ஒரு கேப்ஷனை எடுத்துத் திருத்திப் பார்ப்போம். முதலில் இப்படி இருக்கிறது: ‘7 நாளில் தொப்பை காணாமல் போகும்! இந்த 3 பயிற்சி போதும்!’ இது பொய். குறிப்பிட்ட இடத்துக் கொழுப்பை மட்டும் அந்த இடத்துப் பயிற்சி கரைக்காது. இப்படி எழுதலாம்: ‘வயிற்றுத் தசையை வலுவாக்கும் 3 பயிற்சிகள். இவை தொப்பையைத் தனியாகக் குறைக்காது. ஆனால் எடை தூக்கும்போது முதுகுக்குத் துணை நிற்கும். தொடங்குபவர்கள் முதல் பயிற்சியை மட்டும் வாரம் 2 நாள் செய்யுங்கள்.’ வியூஸ் குறையலாம். வகுப்புக்கு வருபவர் சரியான எதிர்பார்ப்போடு வருவார், மூன்றாவது மாதமும் இருப்பார்.

எவ்வளவு பயிற்சி தேவை என்ற கேள்விக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலைச் சொல்லுங்கள்: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, கூடவே குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி. ‘ஓய்வு நாள் கோழைகளுக்கு’ மாதிரியான வாசகங்களுக்கு ஆசிரியரின் பக்கத்தில் இடமே இல்லை.

உண்மையாக இருப்பது என்றால் வாழ்க்கை முழுவதையும் திறந்து காட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. குழந்தைகள், வீடு, உடல்நலப் பிரச்சினைகள், சாப்பாட்டுத் தட்டு என்று எதெல்லாம் பக்கத்துக்கு வராது என்பதை ஒரு பட்டியலாக எழுதி வையுங்கள். வகுப்பில் பேசும் அதே மொழியில் பேசுவதும், தெரியாததை ‘எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்’ என்று சொல்வதும்தான் உண்மை.

படி 6: மாணவரைக் காட்டுவதற்கு முன்

ஆசிரியர் கேட்டால் மாணவரால் ‘வேண்டாம்’ என்று சொல்வது கஷ்டம். அதனால் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாக, எழுத்தில், மறுக்க வழிவிட்டுக் கேளுங்கள். இப்படி அனுப்பலாம்:

‘அக்கா, நேற்று நீங்கள் செய்த புஷ்-அப் வீடியோவை என் பக்கத்தில் போடலாமா? 20 நொடி, உங்கள் முகம் தெரியும், பெயர் போட மாட்டேன். வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள், ஒன்றும் தப்பில்லை. போட்ட பிறகு எடுக்கச் சொன்னாலும் அன்றைக்கே எடுத்துவிடுவேன்.’

பின்னணியில் தெரிபவர்களுக்கும் இதே மரியாதை உண்டு. சிறுவர்கள் என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் எதுவும் கிடையாது. நீங்கள் இருக்கும் இடத்தை நேரலையில் காட்டாதீர்கள், வகுப்பு முடிந்து கிளம்பிய பிறகு ஸ்டோரி போடுங்கள். தனியாகப் போய்வரும் பெண் ஆசிரியர்களுக்கு இது முக்கியம்.

படி 7: டிஎம்-களுக்கு (தனிச் செய்திகளுக்கு) எல்லை

பக்கம் கொஞ்சம் வளர்ந்ததும் ‘முதுகு வலிக்குது, என்ன பண்ணலாம்?’ என்று செய்திகள் வரும். உதவ மனம் துடிக்கும். ஆனால் பார்க்காத உடம்புக்குப் பயிற்சி சொல்வது ஆபத்து. ஒரு பதிலை எழுதிச் சேமித்து வையுங்கள்: ‘கேட்டதற்கு நன்றி. உங்களை நேரில் பார்க்காமல் வலிக்குப் பயிற்சி சொல்வது சரியாக இருக்காது. முதலில் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். அவர்கள் பயிற்சிக்கு அனுமதித்த பிறகு வகுப்பைப் பற்றிப் பேசுவோம்.’ நெஞ்சு வலி, மயக்கம், கை கால் மரத்துப்போவது என்று எழுதினால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். சாப்பிடாமல் இருந்து எடை குறைப்பதாக எழுதுபவர்களிடம் மென்மையாகப் பேசி, மருத்துவ உதவிக்கு அனுப்புங்கள்.

பதில் சொல்ல நாளுக்கு ஒரு நேரம் போதும், அதைப் பயோவிலேயே எழுதிவிடலாம். ஆபாசமாக எழுதுபவர்களுக்கு விளக்கம் எதற்கு? நேராகப் பிளாக், மிரட்டினால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டுப் புகார். உடம்பைக் கேலி செய்யும் சொற்களை அமைப்புகளில் முன்கூட்டியே மறைத்து வைக்கலாம். உங்கள் மாணவர்களும் அந்தக் கமெண்டுகளைப் படிக்கிறார்கள்.

படி 8: மோசமான வாரத்தை வைத்துத் திட்டமிடுங்கள்

உற்சாகமான வாரத்தில் எத்தனை போஸ்ட் முடியும் என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு வகுப்பு கூடுதல், குழந்தைக்குக் காய்ச்சல், தூக்கம் இல்லை: அப்படி ஒரு வாரத்தில் எத்தனை முடியும்? அதுதான் உங்கள் அளவு. பெரும்பாலானவர்களுக்கு அது வாரத்துக்கு ஒரு போஸ்ட், ஒன்றிரண்டு ஸ்டோரி. குறைவாகத் தோன்றலாம். ஆனால் வாரம் ஒன்று என்றால் வருடத்துக்கு 52 பாடங்கள், அவ்வளவையும் புதிய ஒருவர் வந்து படித்துப் பார்க்க முடியும். முக்கியமான மூன்றைப் பக்கத்தின் மேலேயே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்துவிடுங்கள்.

பழையதைத் திரும்பப் போடத் தயங்காதீர்கள். வகுப்பில் ‘தோளை இறக்குங்க’ என்று வாரா வாரம் சொல்கிறோமே, யாரும் கோபித்துக்கொள்வதில்லை. போஸ்ட்களை முன்கூட்டியே ஷெட்யூல் செய்யுங்கள், நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். விடியற்காலை வகுப்பு இருப்பவர்கள் இரவில் படுக்கைக்கு ஃபோனைக் கொண்டுபோகவே கூடாது.

படி 9: எதை எண்ணுவது

இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025இல் சொன்னபடி, அங்கே ஒரு பதிவு எவ்வளவு தூரம் போகிறது என்பதில் மூன்று விஷயங்களுக்கு அதிக எடை: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள். கடைசி ஒன்று ஆசிரியர்களுக்குச் சாதகமானது. ‘உங்க முட்டி வலிக்கு இதைப் பாருங்க’ என்று மகள் அம்மாவுக்கு அனுப்பும் வீடியோவை எடுப்பதில் நமக்கு யாரும் போட்டியில்லை.

ஆனாலும் மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எண்ணைப் பாருங்கள். பார்க்க வேண்டியவை: எத்தனை பேர் விசாரித்தார்கள், அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், மூன்று மாதம் கழித்தும் எத்தனை பேர் வருகிறார்கள். புதிதாகச் சேருபவரிடம் ‘எப்படித் தெரிந்தது?’ என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். பத்தில் எட்டுப் பேர் பழைய மாணவர் சொல்லி வந்திருந்தால், பக்கத்துக்கான நேரத்தைக் குறைத்து அந்தப் பழைய மாணவர்களுக்குக் கொடுங்கள்.

படி 10: விளம்பர வாய்ப்பு வந்தால்

புரதப் பொடி, எடை குறைக்கும் டீ, ஷூ என்று யாராவது அணுகுவார்கள். நீங்களே பல வாரம் பயன்படுத்தாததைச் சொல்லாதீர்கள். உடம்புக்குள் போகும் பொருளாக இருந்தால், ஊட்டச்சத்துப் படிப்பு இல்லாதவர்கள் மறுத்துவிடுவதே நல்லது. ஒப்புக்கொண்டால், பணமோ இலவசப் பொருளோ வாங்கியதைத் தளத்தின் கட்டண விளம்பரக் குறியீட்டைப் போட்டு, முதல் வரியிலேயே சொல்லுங்கள். பல நாடுகளில் இது விதியும்கூட. உங்கள் மாணவர் ஒருவர் அதை வாங்கிவிட்டு நாளைக் காலை வகுப்பில் எதிரே வந்து நிற்பார், அவரிடம் நேராகச் சொல்லக்கூடியதை மட்டும் எழுதுங்கள்.

வருடத்தில் இரண்டு முறையாவது பக்கத்தை முழுசாக நிறுத்தி வையுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் போதும். கிளம்பும் முன் ‘இத்தனாம் தேதி வரை இங்கே இருக்க மாட்டேன், வகுப்புகள் வழக்கம்போல் உண்டு, அவசரத்துக்கு இந்த எண்’ என்று ஒரு போஸ்ட் பின் செய்துவிட்டு ஆப்பை நீக்கிவிடுங்கள். திரும்பி வந்ததும் வியூஸைப் பார்க்காமல், முதலில் நோட்டைத் திறந்து அந்த வாரம் வகுப்பில் கேட்ட கேள்விகளில் ஒன்றை எடுத்துப் பதில் எழுதுங்கள்.